எல்க் வேட்டைக்கு எந்தத் தோட்டா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குப் போகலாம் என்று யோசிக்கும் நம் ஆட்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, எந்தத் தோட்டா வாங்கலாம்?" அவசரக்காரர்களுக்கு என் பதில்: 30-06 ஸ்ப்ரிங்ஃபீல்ட். சுடும்போது அது தோளில் கொடுக்கும் உதை ஒத்துவராது என்றால் 308 வின்செஸ்டர். அதுவும் அதிகம் என்றால் 7 மி.மீ.-08 அல்லது 6.5 க்ரீட்மூர். நல்ல குண்டு (தோட்டாவின் முனையிலிருந்து பறந்துபோய்த் தைக்கும் பகுதி) வைத்த தோட்டாவாகப் பார்த்து வாங்கி, உங்களால் அடிக்க முடிகிற தூரத்துக்குள் சுட்டால் இந்த நான்கில் எதுவும் எல்க்கைச் சாய்க்கும்.

இந்தப் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பத்து நிமிஷத்தில் மனசு மாறிவிடும். "எல்க்கா? அப்படியென்றால் மேக்னம்தான்" என்று மருந்து அதிகம் அடைத்த 300 வின்செஸ்டர் மேக்னத்தை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் காரணங்களையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தடி இரண்டங்குலம். மானாமதுரைப் பக்கம் பிறந்து, இப்போது ஃபோர்ட் காலின்ஸில் குடியிருக்கிறேன். எனக்கு வேட்டை சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற தச்சர். 30-06ஐத் தவிர வேறெதையும் மலைக்குக் கொண்டு போகாதவர். என் பேச்சில் அந்தச் சாய்வு இருக்கும், தெரிந்துகொண்டே படியுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் விசா தொடர்பான சிக்கல் இல்லை. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று. நண்பருடைய தோட்டாப் பெட்டி உங்கள் அலமாரியில் இருந்தாலும் அது நீங்கள் வைத்திருப்பதாகத்தான் கணக்கு. ஆகவே இந்த விசாக்காரர்கள் எதையும் வாங்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள், என்னை நம்பிப் போகாதீர்கள். அப்புறம், 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்று பொதுவாக வேண்டும்.

தோட்டாவைப் பற்றிக் கொலராடோ சொல்வது இது: குண்டின் விட்டம் .24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பட்டதும் விரியும் வகைக் குண்டாக இருக்க வேண்டும். எல்க், மூஸ் (இன்னொரு பெரிய மான் வகை) இரண்டுக்கும் குண்டின் எடை குறைந்தது 85 கிரெய்ன் (குண்டை நிறுக்கும் சிறிய அளவு). 100 கஜத்தில் குறைந்தது 1,000 அடி-பவுண்டு ஆற்றல் மிச்சம் இருக்க வேண்டும். இந்தக் கணக்குப்படி 100 கிரெய்ன் குண்டு போடும் 243 வின்செஸ்டர்கூட எல்க்குக்குச் செல்லும். சட்டம் விடுகிறது என்பதற்காக நான் அதைச் சொல்ல மாட்டேன். 243 மானுக்கு நல்ல தோட்டா. எல்க்கின் தோள் எலும்பில் பட்டால் அதற்கு மிச்சம் மீதி எதுவும் இருக்காது.

விலங்கின் அளவு

முழு வளர்ந்த ஆண் எல்க் சுமார் 700 பவுண்டு, பெண் சுமார் 500. கிலோவில் 320, 225. மேற்குத் தொடர்ச்சி மலையில் மிளா பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: நன்றாக வளர்ந்த மிளாக் கடாவின் அளவு, அதைவிடக் கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்ளலாம். (அங்கே பார்ப்பதோடு சரி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு ஊரில் வேட்டைப் பேச்சே கூடாது.)

எல்க்கின் பிடிவாதம் அதன் எடையைவிடப் பெரியது. நுரையீரல் இரண்டிலும் ஓட்டை விழுந்த எல்க் ஒன்றுமே நடக்காததுபோல் நிற்கும், இரண்டு அடி எடுத்து வைக்கும், அப்புறம் சரியும். சில சமயம் சரிவில் இறங்கி ஓடி, விழுந்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் பள்ளத்தில் போய் விழும். 9,000, 10,000 அடி உயரத்தில் அந்தப் பள்ளத்திலிருந்து கறியை முதுகில் சுமந்து மேலே ஏற்றுவது யார்? நீங்கள்தான். ஆண் எல்க் என்றால் எலும்பு நீக்கிய கறியே 200 பவுண்டு வரும். அதனால் தோட்டாவிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: தோலையும் விலா எலும்பையும் தாண்டி, வேண்டுமானால் தோள் எலும்பையும் உடைத்துக்கொண்டு, நுரையீரல் இரண்டையும் கடந்து போக வேண்டும். அடுத்த பக்கம் வெளியே வந்தால் இன்னும் நல்லது. ரத்தத் தடம் இரண்டு பக்கமும் விழும்.

தூரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

தோட்டாவின் பெயரை மறந்துவிட்டு ஒரு காகிதத் தட்டை எடுங்கள். சாப்பாட்டுக்குக் கொடுக்கும் ஒன்பது அங்குலத் தட்டு போதும். எல்க்கின் நெஞ்சுக்கூடு அதைவிடப் பெரியது; ஆனால் மூச்சு வாங்கும்போது கைநடுக்கத்துக்கும் காற்றுக்கும் இடம் விட வேண்டும். தட்டை 100 கஜத்தில் ஆணியடித்துவிட்டு, மேசையில் மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து வைக்காமல், மலையில் எப்படிச் சுடுவீர்களோ அப்படிச் சுடுங்கள்: உட்கார்ந்து, மண்டியிட்டு, ஊன்றுகோல்மேல் தாங்கி. ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழுந்தால் 150 கஜத்துக்கு நகர்த்துங்கள். அப்புறம் 200, 250. ஒன்று வெளியே போன இடத்துக்கு முந்திய தூரம்தான் உங்கள் தூரம்.

பலருக்கு அது 200 கஜத்தை ஒட்டித்தான் இருக்கும். தொடர்ந்து பழகியவர்களுக்கு 300. எனக்கு 300. அதற்குமேல் எல்க் நின்றால் நான் நடப்பேன்.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் ஆற்றல் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான் அர்த்தப்படும். ஆற்றலை நீங்களே போட்டுப் பார்க்கலாம்: குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, எடையை வேகத்தால் ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை பெருக்கி, 4,50,240ஆல் வகுத்தால் அடி-பவுண்டு வந்துவிடும். 30-06இல் 180 கிரெய்ன் குண்டு 2,700 அடி வேகத்தில் கிளம்பினால் குழல் வாயில் சுமார் 2,900. எல்க்குக்கு, பட்ட இடத்தில் 1,500 அடி-பவுண்டு இருக்க வேண்டும் என்பது பழைய வேட்டைக்காரர்களின் வாய்க்கணக்கு. இது சட்டமுமல்ல, இயற்பியலுமல்ல, ஆனாலும் ஒப்பிட உதவும்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல வடிவமுள்ள குண்டாக எடுத்தால் 6.5 க்ரீட்மூர் 143 கிரெய்ன் அந்த 1,500ஐ 400 கஜத்துக்குச் சற்று முன்னால் இழக்கிறது. 30-06 180 கிரெய்ன் ஏறக்குறைய 400 கஜத்தில். 300 வின்செஸ்டர் மேக்னம் 180 கிரெய்ன் 500 கஜத்தையும் கொஞ்சம் தாண்டி. மேக்னத்துக்காக நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசும் வாங்கும் கூடுதல் உதையும் சம்பாதித்துத் தருவது, 400 கஜத்துக்கு அப்பால் இருக்கும் அந்த 100 கஜத்தைத்தான். உங்கள் தட்டு 250 கஜத்தில் நின்றுவிட்டது என்றால் அந்த 100 கஜத்தை வைத்து என்ன செய்வீர்கள்?

உதை

எட்டு பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் தோராயமாகச் சொன்னால், 243இன் உதை 10 அடி-பவுண்டுக்குள், 6.5 க்ரீட்மூர் 12ஐ ஒட்டி, 270 வின்செஸ்டரும் 308உம் 17ஐ ஒட்டி, 30-06 180 கிரெய்னில் 20, 300 வின்செஸ்டர் மேக்னம் 26இலிருந்து 30 வரை, 338 வின்செஸ்டர் மேக்னம் 30க்கும் மேல். 20க்கு மேல் போனால் பெரும்பாலானவர்கள் விசையை இழுப்பதற்கு முன்பே கண்ணைச் சுருக்கி, தோளை முன்னால் தள்ளத் தொடங்கிவிடுவார்கள். ஆண்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு சோதனை இருக்கிறது. சுடுதளத்தில் நண்பரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, சில முறை உண்மையான தோட்டாவையும் சில முறை பயிற்சிக்கான போலித் தோட்டாவையும் உங்களுக்குத் தெரியாமல் போடச் சொல்லுங்கள். போலித் தோட்டாவில் 'கிளிக்' என்ற சத்தத்தோடு குழல் கீழே தாழ்ந்தால் விஷயம் முடிந்தது. இன்னும் சிறிய தோட்டாவுக்கு இறங்குங்கள்.

குள்ளமானவர்களுக்கு ஒரு வார்த்தை. உதை என்று நாம் உணர்வதில் பாதி, துப்பாக்கியில் தோளோடு அணைக்கும் கட்டையின் அளவு நமக்குப் பொருந்தாததால் வருவது. கடையில் தொங்கும் ரைஃபிள்களில் விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை 13½ அங்குலத்தை ஒட்டி இருக்கும். அது ஆறடி ஆளுக்கு. என்னைப் போன்றவர்கள் அதைத் தோளில் வைத்தால் கழுத்தை நீட்டித்தான் ஸ்கோப்பைப் பார்க்க முடியும். சுட்டதும் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் வந்து இடிக்கும். குட்டைக் கட்டையுள்ள மாடல்கள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. இல்லையென்றால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் ஒரு அங்குலம் வெட்டி, நல்ல ரப்பர் அட்டை ஒட்டிக் கொடுப்பார். என் 30-06ஐ அப்படித்தான் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பட்டறையில் அறுத்துக் கொடுத்தார். கனவிலும் மேக்னம் வாங்க நினைக்காத நான் 30-06ஐ நிம்மதியாகச் சுடுவதற்கு அந்த ஒரு அங்குலம்தான் காரணம்.

எடையையும் யோசியுங்கள். ஆறு பவுண்டு மலை ரைஃபிள் ஏறும்போது சுகம், சுடும்போது தண்டனை. குழல் முனையில் பிரேக் மாட்டினால் உதை நன்றாகக் குறையும், ஆனால் சத்தம் காதைப் பிளக்கும். பக்கத்தில் நிற்பவர் உங்களை மன்னிக்க மாட்டார். நான் போட்டதில்லை.

குண்டுதான் வேலை செய்கிறது

கடையில் தோட்டாவின் பெயரைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதித்துவிட்டு, கிளம்பும்போது அலமாரியில் மலிவாகக் கிடக்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைகீழ். எல்க்கைத் தொடப்போவது குண்டு மட்டும்தான்.

சாதாரண வேட்டைக் குண்டு என்பது செம்பு உறைக்குள் ஈயம். மூக்கில் ஈயம் வெளியே தெரியும், அல்லது பிளாஸ்டிக் முனை இருக்கும். மானுக்கு இது போதும். எல்க்கின் தோளில், அதுவும் 50 கஜத்தில் முழு வேகத்தில் பட்டால், உறை ஒரு பக்கமும் ஈயம் ஒரு பக்கமும் பிரிந்து மேலோட்டமாகவே சிதறிவிடலாம். ஜான் நோஸ்லர் என்பவர் 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனபோது நடந்தது இதுதான். வேகமான 300 மேக்னத்தை வைத்துக்கொண்டு சுட்டும் குண்டுகள் உள்ளே இறங்கவில்லை. ஊருக்குத் திரும்பி அவர் செய்த குண்டில் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவே ஒரு செம்புச் சுவர் இருந்தது. முன்பாதி விரிந்து காயத்தை உண்டாக்கும்; பின்பாதி உடையாமல் உள்ளே துளைத்துக்கொண்டே போகும். பார்ட்டிஷன் என்ற பெயரில் அதை 1948இலிருந்து விற்கிறார்கள். இன்றும் அது எல்க் குண்டுதான். என் பைக்குள் இருப்பதும் அதுதான், 180 கிரெய்ன்.

அடுத்த வகை, உறையையும் ஈயத்தையும் உருக்கி ஒட்டியது. பாண்டட் என்று பெட்டியில் போட்டிருக்கும். பிரியாது, எடையைப் பெரும்பாலும் தக்கவைத்துக்கொள்ளும். மூன்றாவது, ஈயமே இல்லாத முழுச் செம்பு. பார்ன்ஸ் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த எக்ஸ் குண்டும் அதன் வாரிசுகளும் இந்த வகை. மூக்கு நாலு இதழாக மலர்ந்து, எடை குறையாமல் மறுபக்கம் வரை போகும்.

செம்பில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஈயத்தைவிட லேசான உலோகம் என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும். ஆகவே ஒரு படி எடை குறைத்து வாங்கலாம், 30-06இல் 180க்குப் பதில் 165 அல்லது 150. செம்புக் குண்டு அவ்வளவு எளிதில் எடை இழக்காது, எனவே இதில் நஷ்டமில்லை. இன்னொன்று, அது மலர்வதற்கு வேகம் வேண்டும். பட்ட இடத்தில் நொடிக்கு 2,000 அடி இருந்தால் நல்லது. குறைந்தபட்ச வேகத்தை ஒவ்வொரு நிறுவனமும் சொல்லும். அதைப் பார்த்து, உங்கள் தோட்டா எத்தனை கஜத்தில் அந்த வேகத்துக்கு இறங்குகிறது என்று கண்டுபிடித்து, அதற்குள் நின்றுகொள்ளுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகளோ கர்ப்பிணிகளோ இருந்தால் நேரே செம்புக்குப் போய்விடுங்கள். ஈயக் குண்டு சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து அரை அடிக்கும் அப்பால் கறிக்குள் போகும், கத்தியால் எடுக்க முடியாது. வடக்கு டகோட்டாவில் 2008இல் வேட்டைக் கறி தின்பவர்களின் ரத்தத்தில் ஈயத்தை அளந்து பார்த்துவிட்டு, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் கர்ப்பிணிகளும் ஈயக் குண்டில் விழுந்த மான்கறி தின்ன வேண்டாம் என்று அந்த மாநில சுகாதாரத் துறை சொன்னது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டுக்காரர் சுத்த சைவம். அதனால்தான் நான் இன்னும் பார்ட்டிஷனில் இருக்கிறேன். பேரப்பிள்ளை வந்தால் மாற்றிவிடுவேன்.

போட்டிக்காகச் செய்த குண்டுகளை வேட்டைக்குப் போடாதீர்கள். இலக்கு அட்டையில் ஒரே ஓட்டையாக விழும், ஆசையாக இருக்கும். உடம்புக்குள் அது விரியுமா ஊசிபோல் துளைத்துக்கொண்டு போகுமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

இப்போது பெயர்கள்

30-06, அமெரிக்க ராணுவம் 1906இல் எடுத்த தோட்டா. பெயரிலேயே வருஷம் இருக்கிறது; தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் என்பார்கள். 110இலிருந்து 220 கிரெய்ன் வரை குண்டு வைத்து வந்திருக்கிறது. எல்க்குக்கு 165 அல்லது 180. இதைவிட வேகமானவை உண்டு, உதை குறைந்தவை உண்டு. ஆனால் மலையடிவாரத்துச் சின்ன ஊரில், இரும்புச் சாமான் கடையில், நவம்பர் காலையில் ஆறரை மணிக்கு ஒரு பெட்டி கிடைக்குமா என்று கேட்டால், வேறு எதையும்விட இதற்குத்தான் ஆமாம் என்ற பதில் வரும்.

308 வின்செஸ்டர் 1952இல் வந்தது. அதே விட்டமுள்ள குண்டு, குட்டையான கூடு (மருந்து அடைத்த பித்தளைக் குழாய்). 30-06ஐவிட நொடிக்குச் சுமார் 100 அடி மெதுவாகப் போகும். 300 கஜத்துக்குள் எல்க்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ரைஃபிளின் போல்ட் குட்டை, ஆகவே துப்பாக்கியும் கொஞ்சம் குட்டை, லேசு. 165 கிரெய்ன் பாண்டட் குண்டோடு வாங்குங்கள்.

7 மி.மீ.-08 என்பது அந்த 308 கூட்டையே கழுத்தை இறுக்கி 7 மி.மீ. குண்டு வைத்தது, 1980. 140 கிரெய்ன், 2,800 அடி வேகம், மென்மையான உதை. எடுத்தவர்கள் மாற்றுவதில்லை. பெட்டி கிடைப்பது மட்டும் கொஞ்சம் சிரமம்.

6.5 க்ரீட்மூரைப் பற்றிக் கேலி நிறைய. ஹார்னடி 2007இல் இலக்குப் போட்டிக்காகக் கொண்டுவந்தது, இளவட்டங்கள் பிடித்துக்கொண்டார்கள், பெருசுகளுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் ஸ்வீடனிலும் நார்வேயிலும் 1894இல் வந்த 6.5×55 தோட்டாவை வைத்துக்கொண்டு நூறு வருஷத்துக்கும் மேலாக மூஸ் சுட்டு வருகிறார்கள், மூஸ் எல்க்கைவிடப் பெரியது. அந்தத் தோட்டாவுக்கும் க்ரீட்மூருக்கும் குண்டின் விட்டம் ஒன்றுதான். என் நிபந்தனை: பாண்டட் அல்லது செம்புக் குண்டு, 300 கஜத்துக்குள், விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும். தோள் எலும்பை உடைத்துப் போக வேண்டிய சாய்ந்த கோணம் என்றால் காத்திருங்கள்.

270 வின்செஸ்டர், 1925. 130 கிரெய்ன் வேகமாகப் போகும், மானுக்கும் ஆன்டிலோப்புக்கும் அது போதும். எல்க்குக்கு 140 அல்லது 150 எடுங்கள். உங்கள் மாமனாரிடம் ஒன்று சும்மா கிடக்கிறது என்றால் வேறு தேட வேண்டாம்.

மேக்னங்களில் ஒன்று எடுத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், 1962. 160 கிரெய்னில் உதை 30-06ஐவிடச் சற்றுத்தான் அதிகம், பாதை தட்டையாக இருக்கும். திறந்த புல்வெளி மேடுகளில், தட்டு 400 கஜத்திலும் தாங்குபவர்களுக்கு இது நியாயமான ஆசை. 1963இல் வந்த 300 வின்செஸ்டர் மேக்னமும் நல்ல தோட்டாதான், அதில் எனக்குப் பகையில்லை. வருஷத்தில் சில நூறு தோட்டாக்கள் சுட்டுப் பழகும் உடம்பு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 338 அலாஸ்காவுக்கு. பழைய லீவர் ரைஃபிளில் 30-30, 45-70 இரண்டும் அடர்ந்த மரக்காட்டுக்குள் 100, 150 கஜத்தில் அழகாக வேலை செய்யும், அதற்குமேல் கேட்காதீர்கள். புதிதாக வந்த 6.5 பிஆர்சி, 7 பிஆர்சி பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள்.

வாங்கியதும் குழலின்மேல் பொறித்திருக்கும் பெயரையும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். 300 வின்செஸ்டர் மேக்னம் வேறு, 300 டபிள்யூஎஸ்எம் வேறு, 7 மி.மீ.-08 வேறு, 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் வேறு. தப்பான தோட்டா அறைக்குள் நுழைந்துவிட்டால் சில சேர்க்கைகளில் கூடு வெடிக்கும். வீட்டில் இரண்டு ரைஃபிள் இருந்தால் மலைக்குப் போகும் நாளில் ஒன்றின் தோட்டா மட்டும்தான் காரில் இருக்க வேண்டும். இது எங்கள் வீட்டுச் சட்டம்.

கறிக்காகச் சுடுபவர்களுக்கு

நான் கறிக்காகத்தான் போகிறேன், கொம்புக்காக அல்ல. முன்தொடைக் கறியைக் கோலா உருண்டைக்கு அரைப்பேன், பின்தொடையை நீளவாக்கில் கீறி மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் தடவி உப்புக்கண்டம் போடுவேன். கொலராடோவின் வறண்ட வெயிலுக்கு மானாமதுரை தோற்றது. அதனால் ஒரு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பக்கத்தில் வைத்துச் சுடும்போது மிக வேகமான லேசான குண்டு, பட்ட இடத்தைச் சுற்றிக் கறியெல்லாம் ரத்தம் கட்டிக் கருத்துப்போகும்படி செய்துவிடும். அதை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. கனமான, நிதானமான குண்டு விலா எலும்புக்குள் போனால் நஷ்டம் கைப்பிடியளவுதான்.

தலையில் சுடாதீர்கள். குறி சின்னது, தாடையில் பட்டால் விலங்கு பட்டினியில் சாகும். இன்னொரு காரணமும் உண்டு. மான் இனத்தைக் கொல்லும் சிடபிள்யூடி என்ற மூளைநோயை முதன்முதலில் 1967இல் எங்கள் ஃபோர்ட் காலின்ஸில் அடைத்து வைத்திருந்த மான்களில்தான் கண்டார்கள். இன்று கொலராடோவில் எல்க் சுட்டால் தலையைக் கொடுத்துப் பரிசோதிக்கலாம், சில பகுதிகளில் சில வருஷங்களில் அது கட்டாயம். சோதனைக்கு வேண்டியது தலைக்குள் இருக்கும் நிணநீர்க் கட்டிகள். தலை சிதறினால் சோதனை போயிற்று, நோய் உள்ள கறியைத் தின்ன வேண்டாம் என்று சொல்லியிருக்கும்போது சோதிக்காமல் எப்படிச் சமைப்பது?

பெட்டி வாங்கிய பிறகு

ஸ்கோப்பை 200 கஜத்துக்குப் பொருத்துங்கள். 30-06 180 கிரெய்னில் அப்படிப் பொருத்தினால் 100 கஜத்தில் இரண்டு அங்குலம் மேலே, 300இல் ஒன்பது அங்குலம் கீழே. 250 வரை நேராகவே குறி வைக்கலாம், 300இல் முதுகுக் கோட்டுக்குச் சற்றுக் கீழே. 400இல் இறக்கம் இரண்டடியைத் தாண்டுகிறது, அங்கே நான் இல்லை. மணிக்கு 10 மைல் பக்கக் காற்று 300 கஜத்தில் குண்டை ஆறேழு அங்குலம் ஒதுக்கிவிடும். இறக்கத்தைவிட இதுதான் ஆளை ஏமாற்றும், ஏனென்றால் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் அடிக்கும் காற்று உங்கள் கன்னத்தில் படாது. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் இறக்கம் கொஞ்சம் குறையும், 300 கஜத்துக்குள் அதை மறந்துவிடலாம்.

ஒரே குண்டு எடையில் இரண்டு நிறுவனத் தோட்டாக்கள் ஒரே இடத்தில் விழாது. ஆகவே இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, உங்கள் குழலுக்கு எது பிடிக்கிறது என்று பாருங்கள். 100 கஜத்தில் மூன்று குண்டு ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் எல்க்குக்கு அது தாராளம், அரை அங்குலத்துக்காகச் செலவழிக்காதீர்கள். பிடித்த வகையில் அடியில் லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) ஒன்றாக இருக்கும் ஐந்தாறு பெட்டிகளைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். 2020, 2021இல் அலமாரிகள் காலியாகக் கிடந்தபோது 308, 30-06கூடக் கைக்கு வரவில்லை. அதிகம் விற்காத தோட்டாக்காரர்கள் பாவம். பயிற்சிக்கு அதே எடையில் மலிவான குண்டுத் தோட்டாக்கள் இரு மடங்கு வாங்கி வையுங்கள், அது எங்கே விழுகிறது என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

உரிமக் குலுக்கலுக்கு விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும், ரைஃபிள் பருவம் அக்டோபரில். நடுவில் உள்ள கோடை முழுக்க, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபது தோட்டா போதும். இருபதுக்கு மேல் ஒரே நாளில் சுட்டால் தோள் வலிக்கும், கெட்ட பழக்கம் ஒட்டும். காதுக்கு உள்ளே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு அடைப்பான் போடுங்கள். செப்டம்பர் கடைசியில் மலையில் போடப்போகும் அதே தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு, வேட்டைக்கு வைத்திருக்கும் அதே தோட்டாவில் ஐந்து சுட்டுப் பாருங்கள். கோட்டின் தடிப்பில் கட்டை நீளமாகிவிட்டதுபோல் தெரிந்தால் அப்போதே சரிசெய்ய நேரம் இருக்கும்.